கோதுமைக்குக் குணமாகிவிட்டது

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

நான் நலம், உன் அம்மா நலம், உன் கல்லூரிக் கண்ணாடி அறையில் நீ வளர்க்கும் கோதுமைச் செடிகளும் நலம். அவை நலமாக இருப்பதுதான் இப்போது தொல்லை. உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

பயிற்சிக்குக் கிளம்பும்போது, "தண்ணி மட்டும் ஊத்துங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னாய். பத்து நாள் அப்படியே நூற்றிருபது தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினேன். பதினோராம் நாள் பார்த்தால், சில செடிகளின் இலையில் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் பொடி. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? படுத்தவற்றை ஒரு பக்கம், தெம்பாக இருந்தவற்றை ஒரு பக்கம் பிரித்து வைத்தேன், தொட்டிக்கு ஒன்றாகக் கேஸ் ஷீட் போட்டேன், உரக்கடையில் இலையைக் காட்டிப் பூஞ்சை மருந்து வாங்கி இரண்டு வேளை தெளித்தேன், மூன்றாம் நாள் புதிதாக ஒரு பொட்டுகூட இல்லை, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த நோயை உங்க பொண்ணுதான் வேணும்னே தூவிட்டுப் போயிருக்கா" என்றாள்.

படிப்பு விஷயமெல்லாம் நீ அவளிடம்தான் சொல்வாய், எனக்குத் தண்ணீர் மட்டும்தான். துருநோயைத் தாங்கும் பழைய கோதுமைக்கும், நன்றாக விளைந்தாலும் நோஞ்சானான இன்னொரு கோதுமைக்கும் நீ சம்பந்தம் செய்து வைத்தாயாம். இவை பேரப்பிள்ளைகளாம். எந்தப் பேரனுக்குத் தாத்தாவின் உடம்பு வந்திருக்கிறது என்று நோயை விட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். "ரெண்டு வருஷ வேலை. எது படுத்துச்சு, எது தாங்குச்சுங்கிற கணக்கு இல்லேன்னா அவளுக்குப் பட்டமே இல்ல, தெரியுமா?" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன வயதில் மாதம் ஒரு தடவை காய்ச்சலில் சுருண்டு படுப்பாய். அன்றிலிருந்து எது சுருண்டு கிடந்தாலும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. இதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை. பெற்ற தகப்பனே உன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு. இனி அந்த அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் தணிந்த பிறகு ஊருக்கு வா.

நீ நீடூழி வாழ வாழ்த்தும்,
அப்பா

பி.கு: தபாலில் சேர்க்கும் முன், கடைசியாக ஒரு தடவை தண்ணீர் ஊற்றப் போனேன், அங்கே உன் பேராசிரியை வந்துவிட்டார். செடிகளைப் பார்த்ததும் கவிழ்த்திருந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய்க் கேஸ் ஷீட்டுகளை நீட்டினேன். தொட்டி எண், பொட்டு எத்தனை, எவ்வளவு பெரிது, எந்தத் தேதி, எல்லாம் மருந்து அடிப்பதற்கு முன்பே எழுதியது. பழக்கதோஷம். இரண்டு தடவை எண்ணிவிட்டு, "நூத்திருபதுல முப்பத்தொண்ணு படுத்திருக்கு. கிட்டத்தட்ட நாலுக்கு ஒண்ணு. பேரப்பிள்ளைங்கள்ல நாலுக்கு ஒண்ணு படுத்தா, தாங்குற சக்தி ஒரே ஜீன்லதான் இருக்குன்னு அர்த்தம். உங்க பொண்ணு நினைச்சது சரிதான்" என்றார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் அறுநூறு தொட்டிக்குக் கேஸ் ஷீட் எழுத என்னையே வரச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே விடும் முன் வாசலில் என் பையைச் சோதிப்பார்களாம்.