பீன்ஸ் சொன்ன வாக்கு

வடகரப்பதிப் பக்கம் ஆத்தா இப்போது பீன்ஸில் பேசுகிறாள். முன்பெல்லாம் கனவில் பேசினாள், உடுக்கையில் பேசினாள், பல்லியில்கூடப் பேசினாள். காலம் மாறுகிறதல்லவா, காய்கறிக்கு மாறிவிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் அங்கே ஒரு தென்னந்தோப்புக்குள் கால் வைக்க இடம் கிடையாது. கொல்லங்கோட்டிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் வேன் பிடித்துக் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னால் டாக்டரின் பரம்பரையையே திட்டுகிற மகராசன்கள், இங்கே உச்சி வெயிலில் வாயைத் திறக்காமல் நின்றார்கள். பக்தி என்றால் அதுவல்லவா பக்தி!

எல்லோர் கையிலும் ஒரு கொத்துப் பச்சைப் பீன்ஸ். வீட்டிலிருந்து கொண்டுவந்தது செல்லாது, அதற்குத் தீட்டு உண்டாம். தோப்பு வாசலில், வாக்குச் சொல்கிற சாமியாரின் சிஷ்யன் தனபால் விற்கிற பீன்ஸுக்குத்தான் ஆத்தா செவி சாய்ப்பாள். சந்தையில் கிடைக்கிற அதே பீன்ஸ்தான். ஒரு வேப்பிலையைச் செருகியிருப்பான், விலை மட்டும் மலையேறியிருக்கும்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பக்கத்துக் கொங்கு சனங்களுக்குப் பூக்கேட்கிற வழக்கம் உண்டு. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஊர் விட்டு ஊர் போவதோ, எதுவானாலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். மனதில் நினைத்த பூ கைக்கு வந்தால் காரியத்தில் இறங்குவார்கள். வராவிட்டால் விட்டுவிடுவார்கள். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், மறுபடி கேட்டால் தெய்வக் குற்றம். ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட வசதியான சட்டத்தைச் சட்டசபை கூடிப் பேசினாலும் போட முடியாது.

இந்தப் பூவைத்தான் நம் பச்சைவாக்குச் சாமி காயாக மாற்றினார். அவருக்கு முன்னால் மணைமேல் உருண்டையாக ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குச் சிவப்புப் பட்டு, அரளி மாலை. பீன்ஸை வாங்கி உள்ளே வைப்பார். பட்டுக்கு அடியில் கையை விட்டு ஏதோ ‘முத்திரை’ போடுவார். உடனே பெட்டி ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத் தனபால் வெண்கல மணியை எடுத்துத் தோப்பே அதிரும்படி அடிப்பான். காய் பச்சையாக வெந்து வந்தால் ஆத்தா உத்தரவு. கரிந்து வந்தால் தடை. தடைக்குப் பரிகாரம் உண்டு. சேவல், ஆடு, கறவை மாடு என்று ஆளைப் பார்த்து ஆத்தா கேட்பாள்.

அடுப்பில்லை, விறகில்லை, காய் தானாக வேகிறது! இதைவிட அற்புதம் வேண்டுமா? கரண்ட் போனால் மட்டும் ஆத்தா தூங்கிவிடுவாள். அது ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதே மாதிரிப் பெட்டியைத் தினமும் போன் விளம்பரத்தில் பார்க்கிறவர்கள்தான். ஆனால் போனில் வருகிற பெட்டிக்கு யாரும் பட்டுக் கட்டுவதில்லையே. பட்டைப் போர்த்திவிட்டால் நம் சனங்களுக்குச் சொந்த மாமியாரையே அடையாளம் தெரியாது.

பழனிச்சாமி என்றொரு விவசாயி. போர் போடலாமா என்று கேட்டார், பச்சை வந்தது. போட்டார், வெறும் புழுதி வந்தது. சாமியிடம் வந்து முறையிட்டார். “தண்ணீர் வரும் என்று ஆத்தா சொன்னாள். எப்போது என்று சொன்னாளா?” என்றார் சாமி. “அது செரிதானுங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்தார். வந்ததோடு நிற்கவில்லை, வாரம் தவறாமல் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டும் போனார்.

அப்படி அவர் கூட்டிப் போனவர்களில் ஒருத்திதான் மருதாத்தாள். அவள் மகள் மௌனிகா நர்சிங் முடித்திருந்தாள். கொச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மா ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை தோப்புக்கு இழுத்துப் போனாள். காய் கரிக்கட்டையாக வந்தது.

“மகளே! மேற்குத் திசையில் கண்டம் நிற்கிறது. மூன்று அமாவாசை கழிய வேண்டும். கன்றோடு ஒரு கறவை மாட்டை ஆத்தாவுக்கு விடு” என்றார் சாமி.

வீட்டுக்கு வந்ததும் மௌனிகா கொதித்துப்போனாள்.

“ஒரு பெட்டி சொல்லுச்சுன்னு நான் ஊட்டுல உக்காரோணுமாம்மா?”

“பெட்டி இல்ல கண்ணு. ஆத்தா சொன்னா.”

“என்னையப் படிக்க வெச்சது ஆத்தாளா? நீ சொசைட்டிக்குப் பால் ஊத்திப் படிக்க வெச்சே. இப்ப அந்த மாட்டையே அவனுக்கு ஓட்டி உடறேங்கறே!”

மருதாத்தாள் அழுதாள். கெட்டவள் இல்லை, பாவம். பெற்ற பிள்ளை முன்பின் தெரியாத பட்டணத்தில் தனியாக இருக்கப் போகிறதே என்ற பயம்தான் அவளுக்கு. பயத்தைப் பயம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும், ஆத்தா வாக்கு என்று சொன்னால் ஊர் கும்பிடும்.

வியாழக்கிழமை, அண்ணன் மகளை வழியனுப்புவதற்காகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து யோகப்பிரியா வந்து சேர்ந்தாள். மருதாத்தாளுக்கு நாத்தனார், வாய் கொஞ்சம் நீளம். அழுத முகத்தோடு மௌனிகா கதையைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“உஸ்ஸுன்னு சத்தம் வருதா? முடியறப்ப மணி அடிக்கறானா?”

“ஆமாங்கத்தை.”

“அட கெரகமே! எனக்குச் சக்கரைன்னு எண்ணெயக் கொறைக்கச் சொன்னதுல இருந்து தெனமும் அதுலதான் கண்ணு வெண்டக்கா வறுக்கறேன். ஏர் ஃபிரையரு! முடிஞ்சா ‘டிங்’குங்கும். அது கேக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கடங்காரன் மணி அடிக்கறான்.”

இதை மருதாத்தாளிடம் சொன்னதும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “வாயக் களுவு அம்மிணி! சாமிக் குத்தம்!”

“செரி நங்கையா. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான? ஆத்தாகிட்டயே போய்க் கேட்டுப்போடலாம்” என்று அண்ணியிடம் சொன்னாள் யோகப்பிரியா.

வெள்ளிக்கிழமை தோப்பு நிரம்பி வழிந்தது. மௌனிகாவும் மருதாத்தாளும் பின்னால் வர, யோகப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். தனபாலிடம் வாங்கிய இரண்டு கட்டுப் பீன்ஸ் கையில் இருந்தது.

“சாமீ, காயைக் கரிய வெக்கறது நீங்களா, ஆத்தாளுங்களா?”

“அறியாப் பெண்ணே! யாம் வெறும் கருவி. அனைத்தும் அவள் செயல்.”

“அப்பச் செரிங்க.” கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நம்ம பூக்கேக்கறப்ப எத்தன பொட்டலம் வெப்போம்?”

“ரெண்டு!” என்றது கூட்டம்.

“இங்க மட்டும் எதுக்குங்க ஒண்ணு?”

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். “அட, ஆமா!” என்றார். அந்தத் தலைக்குள் நெடுநாள் கழித்து நடந்த முதல் போக்குவரத்து அது.

“இது வாழநார்ல கட்டுனது, எங்க மௌனிகா கொச்சிக்குப் போகோணும். இது தென்னோலையில கட்டுனது, போக வேண்டாம். ரெண்டையும் ஒண்ணா உள்ள வெய்யுங்க. எது பச்சையோ அதான் உத்தரவு. எது கறுப்போ அதான் தடை.”

“ஒரே காரியத்தை இருமுறை கேட்பது பெருங்குற்றம்!” சாமி சீறினார்.

“போன தடவ ஒரு கட்டுத்தானுங்க வெச்சீங்க. அது அரைக் கேள்வி. மீதி அரையத்தான் நான் கேக்கறேன்.”

“வெய்யுங்க சாமீ!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “வெய்யுங்க, ஆத்தா சொல்லட்டும்!” என்று இன்னும் பத்துக் குரல்கள். சிஷ்யன் சாமியைப் பார்த்தான். சாமி சிஷ்யனைப் பார்த்தார். ஆத்தாவை இருவருமே பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் இரண்டு கட்டும் உள்ளே போயின. பட்டுக்கு அடியில் சாமி கோபத்தோடு முத்திரை போட்டார். பெட்டி ‘உஸ்ஸ்’ என்றது. மௌனிகா அத்தையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மெல்லக் கருகல் வாடை கிளம்பியது. தனபால் மணியடித்தான்.

இரண்டும் கரி. நார் எது, ஓலை எது என்றே தெரியாத அளவுக்குக் கரி.

யோகப்பிரியா கூட்டத்துக்கு அதைத் தூக்கிக் காட்டினாள். “போகவும் கூடாதுங்கறா, போகாம இருக்கவும் கூடாதுங்கறா. அப்ப எங்க புள்ள எங்கதானுங்க நிக்கறது? கோபாலபுரம் செக்போஸ்ட்டுலயா?”

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பக்திக் கூட்டத்தில் முதல் சிரிப்புத்தான் கஷ்டம், இரண்டாவது தானாக வரும். தோப்பே சிரித்தது.

“ஆத்தா சினந்திருக்கிறாள்!” என்று சாமி எழுந்தார்.

“இருங்க, நான் குளிர வெக்கறேன்.” யோகப்பிரியா பட்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். அரளி மாலை மண்ணில் விழுந்தது. பளபளவென்று ஏர் ஃபிரையர். சூட்டுக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு. பின்னாலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, ஜமுக்காளத்துக்கு அடியில் ஊர்ந்து, மோட்டார் ரூம் பிளக்கில் போய் ஐக்கியமாகியிருந்தது. அவள் உள்கூடையை எடுக்கக் கையை நீட்டினாள்.

“யக்கா! கூடையத் தொடாதிய! கைப்பிடிய மட்டும் பிடிங்க, தோலு உரிஞ்சிரும்!”

கத்தியது பச்சைவாக்குச் சாமி. செந்தமிழ் ஓடிப்போய், இடுக்கி எஸ்டேட் தொழிலாளர் லயத்துத் தமிழ் வெளியே வந்து நின்றது. அருள்வாக்கு மொத்தத்திலும் அவர் சொன்ன ஒரே உண்மையான வாக்கு அதுதான்.

“எந்த ஊருப்பா நீ?” என்றாள் யோகப்பிரியா.

“மூணாறுப் பக்கம்க்கா. பேரு பாண்டித்துரை. விடுதி சமையக்கட்டுல இருந்தேன். சூட்டக் கூட்டி நேரத்தக் கூட்டுனா கரியும். கொறச்சு, கொஞ்சம் எண்ணெயத் தடவுனா பச்சையா வரும். அம்புட்டுத்தான்க்கா. அடிச்சிராதிய.”

மருதாத்தாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “என்ற புள்ள பொழப்பையாடா கரிக்கப் பாத்தே? உன்ற திருகைத் திருகறதுக்கு என்ற புள்ளையாடா கெடச்சா?” என்று அவன் கழுத்தில் கிடந்த மாலையைப் பிடித்து உலுக்கினாள். நாலு பேர் கையை ஓங்கினார்கள். யோகப்பிரியாதான் நடுவில் புகுந்தாள்.

“அடிச்சா நாளைக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு வேற ஊர்ல உக்காருவான். வாங்குன ஆடு மாட்டையெல்லாம் பொளுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் சமைக்கட்டும். டேய் தனபாலு, அந்தப் பீன்ஸுக் கூடைய எடுத்துட்டு வா!”

பீன்ஸை நறுக்கினார்கள். விளக்கேற்றக் கொண்டுவந்த தேங்காயெண்ணெயில் ஒரு கரண்டி, உப்பு, மிளகுத்தூள் போட்டுக் கையால் பிசிறி யோகப்பிரியா பெட்டிக்குள் கொட்டினாள். சூட்டை அளவாக வைத்தாள். பாதியில் கூடையை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். ‘டிங்’ என்றது பெட்டி. தனபால் பழக்கதோஷத்தில் மணியைத் தூக்கி அடித்துவிட்டான். சிரித்துச் சிரித்துப் பழனிச்சாமிக்குப் புரையேறியது.

மேலே தேங்காய்த் துருவலைத் தூவி, முதல் கையை மருதாத்தாளுக்குக் கொடுத்தாள். ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே பச்சை மாறாமல் இருந்தது.

“தேங்கா இன்னும் கொஞ்சம் போடலாம்க்கா” என்றான் பாண்டித்துரை. கை சும்மா இராத சமையல்காரன்! ஒழுங்காக அடுப்படியில் நின்றிருந்தால் மரியாதையாகச் சோறு தின்றிருப்பான். சாயங்காலம் வரை கூட்டத்துக்கு வறுத்துக் கொட்டினான். ஆடு, கோழி, மாடெல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் மௌனிகா பெட்டி படுக்கையோடு நின்றாள். மருதாத்தாளின் கண் கலங்கித்தான் இருந்தது. “எனக்குப் பயமாத்தான் இருக்குது கண்ணு. போனதும் போன் பண்ணு” என்றாள். மகளிடம் அதை வெளிப்படையாகச் சொல்வது அதுதான் முதல் தடவை. மௌனிகா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு பூனை குறுக்கே ஓடியது.

“அய்யோ, சகுனமே செரியில்ல! புள்ளைய அடுத்த பஸ்ஸுல அனுப்புங்க” என்றார் பக்கத்தில் நின்ற பழனிச்சாமி.

மருதாத்தாள் மகளின் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் வைத்தாள். “பூனைக்கு ஏதோ சோலி இருக்குது, போகுதுங்க. என்ற புள்ளைக்கும் சோலி இருக்குது, அவளும் போறா” என்றாள்.

பூனைக்கு யோசிக்க வராது, அதை மன்னித்துவிடலாம். யோசிக்கத் தெரிந்த நமக்கு என்ன கேடு?