போகாமலே திரும்பி வந்தவர்

வெளிநாடு என்றால் என்ன என்பதில் எங்கள் மாவட்டத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. விமானத்தில் போகவேண்டும். போன இடத்தில் குளிரவேண்டும். லீவில் வரும்போது சொக்லேட் கொண்டுவரவேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஒருவர் எத்தனை வருடம் வாழ்ந்திருந்தாலும், அவர் எங்கேயோ நின்றுவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பூநகரி வீதியோரம் ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருக்கும் ராக்காயி அப்படி நின்றுவிட்டு வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குப் பயந்த தாய் தகப்பனோடு சின்ன வயதில் வன்னிக்கு வந்தார். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து படகேறி இராமேஸ்வரம் போனார். தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டு, மகள் அனோஜாவோடு திரும்பினார்.

அனோஜா பிறந்தது அந்த முகாமில். பளையில் வீரகத்தி என்பவரின் மருந்துக்கடையில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கடையில் அடையாள அட்டை கேட்டார்கள். அடையாள அட்டைக்கு, இந்த நாட்டுக் குடிமகள் என்ற பிரசாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அவளுடைய பிரசாவுரிமை விண்ணப்பக் கோவையோ பிரதேச செயலக மேல்மாடியில் ஞானேஸ்வரி அம்மையாரின் மேசையில் இருந்தது. பத்திரமாகத்தான் இருந்தது. அசையவில்லை.

“நீங்கள் வந்ததுக்குச் சீல் இருக்கு,” என்றார் ஞானேஸ்வரி. “போனதுக்குச் சீல் இல்லை.”

“போட்ல போனோமுங்க மேடம். நடுக்கடல்ல யாருங்க சீல் அடிப்பாங்க?”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? கோவையின்படி நீங்கள் நாட்டை விட்டுப் போகவேயில்லை. போகாமலே திரும்பி வந்திருக்கிறீங்கள்.”

“அப்ப எம்மக?”

“அதுதான் அம்மா சிக்கல். தாய் இஞ்ச நிக்கேக்க பிள்ளை அங்க பிறந்திருக்கு.”

ஞானேஸ்வரி கெட்ட மனிசி அல்ல. வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். கோவையை மட்டும் பழைய இடத்திலேயே வைத்தார்.

இதே காலத்தில் கீழ்மாடிக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. மாவட்டத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போவது மேலிடத்துக்குக் கவலையளித்திருந்தது. ஆகவே “அறிமுகமற்ற பண்பாட்டில் வாழ்வதன் இன்பங்களும் இடர்ப்பாடுகளும்” என்ற தலைப்பில் விழிப்பூட்டல் மாநாடு நடத்தப்படல் வேண்டும். பேச்சாளர் நீண்டகாலம் வெளிநாட்டில் வாழ்ந்தவராகவும், நிரந்தரமாகத் திரும்பி வந்தவராகவும் இருத்தல் வேண்டும்.

முதல் நிபந்தனைக்கு மாவட்டம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இரண்டாவதுக்கு ஒருவரும் இல்லை. கீழ்மாடி உதவிப் பணிப்பாளர் நல்லதம்பி, ஜீ.எஸ். என்று ஊர் அழைக்கும் கிராம அலுவலர் எல்லோரையும் அலைய விட்டார். கடைசியில் ராக்காயியின் பகுதிக் கிராம அலுவலர் பிரதீபன்தான் அவருடைய பெயரைக் கொண்டுவந்து கொடுத்தான்.

“எந்த நாடம்மா?” என்று நல்லதம்பி கேட்டார்.

“இந்தியாங்க சார்.”

நல்லதம்பி பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் கூரையைப் பார்த்தான்.

“அது பக்கத்து வீட்டு வளவெல்லோ? அங்க குளிருமோ?”

“மார்கழில கொஞ்சம் குளிருமுங்க.”

“சரி, அது காணும். நாட்டின்ர பேரைச் சொல்லாதேங்கோ. ‘கடல்கடந்த நாடு’ எண்டு சொல்லுங்கோ. முகாம் எண்டும் வேண்டாம். ‘அரச குடியிருப்பு’.”

“பேசுனா என்னங்க கெடைக்கும்?”

“பொன்னாடை. ஒரு சான்றிதழ்.”

“நான் அங்க இருந்தேன்னு அதுல எழுதுவீங்களா?”

“வேற என்னத்தை எழுதுறது?”

“அப்ப பேசுறேங்க.”

மாநாட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பனிமலைப் படமொன்று தொங்கியது. அதன் முன்னால் பொன்னாடைக்குள் வியர்த்தபடி ராக்காயி நின்றார். பொய் சொல்லப் பயந்ததால் நடந்ததை மட்டுமே சொன்னார்.

“வீடு அரசாங்கமே குடுத்துச்சுங்க. வாடகை இல்ல.”

இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“மாசாமாசம் பணம் குடுப்பாங்க. அரிசி சும்மா மாதிரித்தான். வாசல்ல எந்நேரமும் போலீசு இருக்கும். கண்ட ஆளு உள்ள வரமுடியாது.” உள்ளே இருப்பவர்களும் கண்டபடி வெளியே போகமுடியாது என்ற வசனத்தை நல்லதம்பி ஒத்திகையிலேயே வெட்டியிருந்தார். “அதிகாரிங்க வந்து எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. ஒரு ஆளு கொறஞ்சாலும் தேடுவாங்க.”

“இஞ்ச ஜீ.எஸ்ஸுக்கே என்ர பேர் தெரியாது,” என்று ஒருவன் பெருமூச்சு விட்டான்.

நல்லதம்பி எழுந்தார். “இடர்ப்பாடுகளுக்கு வாங்கோ அம்மா, இடர்ப்பாடுகளுக்கு!”

“கஷ்டம்னா, ஒரே ரூமுங்க. நடுவுல சேலையக் கட்டித் தடுத்து ரெண்டு குடும்பம் இருப்போம்.”

“லண்டனிலயும் உதுதான்! அண்ணை ஒரு அறைக்குள்ள எட்டுப் பேரோட கிடக்கிறார்.”

“பசங்க எஞ்சினியருக்குப் படிச்சாலும் வேல குடுக்க மாட்டாங்க. பெயின்ட் அடிக்கத்தான் போவாங்க.”

“கனடாவில என்ர மச்சானும் பெயின்ற்தான்!”

“எத்தன வருசம் இருந்தாலும் நம்மள அந்த ஊரு ஆளுன்னு சொல்ல மாட்டாங்க.”

“சுவிஸிலயும் அப்பிடித்தானாம்!”

ஒவ்வொரு இடர்ப்பாட்டுக்கும் மண்டபம் உற்சாகமடைந்துகொண்டே போனது. ராக்காயி, முகாம் வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்த ஒருத்தியைப் பற்றியும் சொன்னார். பேசுவதை ‘கதைக்கிறது’ என்று இவர் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாளாம். அனோஜா பிறந்தபோது அவள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாளாம். திரும்பி வந்த அன்று பஸ்ஸுக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடிவந்தாளாம். இந்தப் பகுதியை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசைப் பொடியன் எழுந்தான்.

“அம்மா, அங்க போறதெண்டால் என்ன வேணும்?”

“சண்டை வேணும் தம்பி. வீட்ட விட்டு உசுருக்கு ஓடணும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

“ஓமடாப்பா, ஏஜென்சிக்காரனும் அகதியாப் பதியேக்க அதைத்தான் சொல்லச் சொல்லுறான்!”

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. வெளிநாட்டு வாழ்வு பற்றி இளைஞர்கள் தெளிவான விளக்கம் பெற்றனர் என்று நல்லதம்பி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அது பொய்யல்ல.

மறுநாள் தாயும் மகளும் சான்றிதழோடு மேல்மாடிக்குப் போனார்கள். ஞானேஸ்வரி வாசித்தார். “கடல்கடந்த நாடொன்றில் நீண்டகாலம் வாழ்ந்தவர் என்பது இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. ஓம், இப்ப நீங்கள் போயிருக்கிறீங்கள்.” முதல் தடவையாகக் கோவையைத் திறந்தார். திறந்தவர் பேனையைக் கீழே வைத்தார்.

“நேற்று நானும் பின்னால இருந்து கேட்டனான். வீடு தந்தவங்கள், காசு தந்தவங்கள், காவலும் போட்டவங்கள். உதெல்லாத்தையும் விட்டிட்டு ஏன் வந்தனீங்கள்?”

“நம்ம ஊருன்னு வந்தோமுங்க.”

“உப்பிடி ஒராளும் வாறேல்லை அம்மா. பிடிச்சு அனுப்பினால்தான் வருவினம். அங்க ஏதும் குற்றம் செய்தனீங்களோ? பொலிஸ் நற்சான்றிதழ் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ. அங்கயிருந்துதான் எடுக்கவேணும்.”

ராக்காயி கதிரையில் சாய்ந்துவிட்டார். அனோஜா தாயைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

“மேடம், பிரசாவுரிமை எதுக்குன்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்குல்ல? ‘இங்கே வாழ’ன்னு அம்மா எழுதியிருக்காங்க. அத மாத்தலாமா?”

“என்னண்டு?”

“பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போக.”

ஞானேஸ்வரியின் முகம் மலர்ந்தது. “அப்பிடியெண்டால் அதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை! வீணா அலைஞ்சிருக்கிறீங்கள்.” விறுவிறுவென்று பழையதை வெட்டிப் புதியதை எழுதினார். கையொப்பமிட்டார். சீல் அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்ர மகனுக்கு மூண்டு தரம் விசா மறுத்திட்டாங்கள். போய்ச் சேர்ந்த உடன ஒரு போன் கோல் எடுங்கோ, என்ன?”

வெளியே பஸ்ஸுக்கு நிற்கையில் ராக்காயி கேட்டார், “நெசமாவே போகப் போறியா?”

“இல்லம்மா. பளைக்குத்தான்.”

அடையாள அட்டை வந்தது. அனோஜா அதை வீரகத்தியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பிள்ளை, உண்மையைச் சொல்லுங்கோ. எத்தனை மாதம் நிப்பீங்கள்? முந்தி நிண்டது இத்தாலிக்குப் போட்டுது. அதுக்கு முந்தினது பிரான்ஸுக்கு.”

“நான் எங்கயும் போகமாட்டேங்க ஐயா. இங்கதான் இருப்பேன்.”

“உண்மையாவோ?”

“உண்மையாங்க.”

வீரகத்தி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“நல்லதாப் போச்சு பிள்ளை. வாற மாதம் நாங்கள் குடும்பத்தோட ஒஸ்ரேலியாவுக்குப் போறம். இஞ்சயே நிக்கிற ஒராளைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்.”

சொல்லிவிட்டுக் கடைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.