அடிமண் ஆசாமி

உலகத்தில் மீன் பிடிப்பவர்கள் உண்டு, மீன் வளர்ப்பவர்கள் உண்டு. மீன்தொட்டிக்கு மண் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கும் ஓர் இனமும் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார். அடிமண் ஆசாமி!

பார்க்கச் சாதாரண மனிதர்தான். ஆனால் அவர் காதில் விழும்படி "தொட்டியில செடி வெச்சா நல்லா இருக்குமே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். கையைப் பிடித்து உட்காரவைத்து, அடியில் எரிமலைக் கல், அதன்மேல் ஒரு வலை, வலைக்குமேல் வேருக்குக் கறுப்புச் சத்து மண், அது கலங்காமலிருக்க மேலே மணல், மணல் ரொம்பப் பொடியாக இருந்தால் இறுகிப்போய் வேர் மூச்சுத் திணறும், ரொம்பப் பருமனாக இருந்தால் செடி நிற்காது, பின்பக்கம் நாலு விரல் உயரம், முன்பக்கம் ஒரு விரல் என்று அவர் முடிப்பதற்குள் உங்கள் காபி ஆடை கட்டிவிடும். மீன்? அது கடைசியில்.

மணலை ஏழு தண்ணீரில் அலசுவார். எட்டாவது வாளியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "லேசா ஒரு மங்கல் இருக்கே" என்பார். மணலைச் சமன் செய்ய என்ன கருவி தெரியுமா? அலுவலக அடையாள அட்டை! காலையில் வாசலில் நீட்டினால் செக்யூரிட்டி மேஜையில் மணல் கொட்டுகிறது. வீட்டில் யாரும் தொம்தொம்மென்று நடக்கக்கூடாது. அடுக்கு கலைந்துவிடுமாம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மீன் இருக்கிறது. ஐயோ, அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய தங்கமீன். "ரெண்டே நாள் கண்ணு, தொட்டி ரெடியாயிடும்" என்று ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டார். நாலு மாதம் ஆயிற்று. மீன் வளர்ந்துவிட்டது, ஜாடி வளரவில்லை. திரும்பினால் வால் இடிக்கிறது.

"என்னங்க, மீனுக்கு வீடு கட்டுறீங்களா, இல்ல அஸ்திவாரத்துலயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார் மனைவி.

"அடி சரியில்லன்னா எல்லாமே போச்சும்மா."

"அப்பா, மீன் மண்ணுக்குள்ளயா இருக்கப் போகுது?" என்றாள் மகள்.

அவர் அடுத்த வாளி மணலை அலசப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதிசயம் நடந்தது. தொட்டி தயார்! செடி நட்டு, மணல் கலங்காமல் தட்டு வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து, பளிங்காக நின்றது. என்னையும் கூப்பிட்டிருந்தார். மகள் ஜாடியோடு தயாராக நின்றாள். அவர் பக்கவாட்டில் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகம் மாறிற்று.

"கறுப்பு மண்ணு எடது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கே! பிரிச்சிடலாம். ரெண்டே நாள்."

வாளி எடுக்கப் போனார். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சளக்!

நாலு மாதம் வட்டம் மட்டுமே போட்ட மீன், தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரே ஓட்டம் ஓடியது. நான் கைதட்டியேவிட்டேன், சத்தியமாக! அப்புறம் கீழே இறங்கியது. வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, துப்பி, தள்ளி நின்று பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி அள்ளியது. வாளி வருவதற்குள் முன்பக்கம் பள்ளம். கறுப்பு மண் மேலே.

"ஐயோ, என் சரிவு!"

"திட்டாதீங்கப்பா. அதுவும் உங்கள மாதிரிதான். மண்ணு இன்னும் சரியா வரலையாம்."

மனைவி சிரித்த சிரிப்பில் அடுக்கு நிஜமாகவே கலைந்திருக்கும். ஆசாமி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "பாத்தியா, கல்லை ஒதுக்கிட்டு மணலை மட்டும் அள்ளுது. வெவரம் தெரிஞ்ச மீனு!" என்று பெருமை வேறு.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. புது நோட்டில் ஓரக்கோடு போட்டதோடு நிறுத்தியவர், ஓடுவதற்கு ஷூ வாங்கிவிட்டு இன்னும் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பவர் எல்லாரும் நன்றாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும், "ரெண்டே நாள்" என்று நீங்கள் சொல்லிவைத்த ஜாடியில் யார் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.