பனிமூட்டத்தாரின் தேத்தண்ணிக் கோப்பை

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மேடுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் மலை இருக்கிறது என்று ஆட்களை நம்பவைத்த ஒரே மனிதர் பனிமூட்டத்தார்தான். நம்பியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் புவியியல் படிப்பிக்கிறவர். மானிப்பாய்ப் பக்கம் கமராவை நீட்டியபடி, பனி எப்போது விலகும் என்று கால் உளைய நின்றுவிட்டு, கடைசியில் இருட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பனிமூட்டத்தாருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்கே கனகாலம் தெரியாது. இளமையெல்லாம் கண்டியில் கழித்தவர். பொழுதுபடும் நேரம் உல்லாசப் பயணிகளைச் சேர்த்துக்கொண்டு, ஹோட்டல் ஹோட்டலாக மொட்டைமாடி பாருக்கு ஏற்றி, வாவியையும் மலையையும் காட்டி, ராசாக்களின் சரித்திரம் சொல்லி, ஆளுக்கொன்று குடிக்கவைத்துப் பத்திரமாகக் கீழே இறக்குவதுதான் தொழில். முழங்கால் உளைவு தாங்காமல் மலைநாடு வேண்டாமென்று தெல்லிப்பழைக்குத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் யாழ்ப்பாண நகரத்திலும் மாடிக்கு மாடி பார் முளைத்திருந்தது. முழங்காலை மறந்துவிட்டு மறுபடியும் படியேறத் தொடங்கிவிட்டார்.

ஒரேயொரு சிக்கல். கண்டியில் பாடமாக்கிய இங்கிலிஷ் பேச்சை மாற்ற அவருக்கு மனமில்லை. வாவி இருந்த இடத்தில் பண்ணைக் கடலையும், அரண்மனை இருந்த இடத்தில் கோட்டையையும் வைத்துச் சமாளித்துவிட்டார். மலைகளுக்கு என்ன செய்வது? அவற்றைப் பனியால் மூடிவிட்டார். “வலது பக்கம் மலைத்தொடர். இண்டைக்குப் பனிமூட்டம், தெரியாது” என்பார். இது பொய்யில்லையா என்று ஒருநாள் கேட்டேன். வந்த சனம் எதையாவது தேடிக்கொண்டு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் போத்தலையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்றார். அவர் பேசும்போது இடையில் யாரும் குறுக்கிடக்கூடாது. குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவார்.

போதாக்குறைக்கு ஒரு பை நிறையக் கம்பளிச் சுவெட்டர். சித்திரை வெயிலில் தார் உருகும் வீதியில் நின்று, மேலே குளிரும் என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் போட்டுவிடுவார். கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், குளிருக்குத் தப்பி ஊருக்கு வந்தும் விடிவில்லையே என்று அழாத குறை.

நான் பகலில் ஒரு அச்சகத்தில் வேலை, மாலையில் அவருக்கு உதவியாள். கூட்டத்தின் வால்பக்கம் வந்து, ஆட்கள் தவறிப்போகாமல் பார்ப்பது என் பொறுப்பு. அப்பா இல்லாத வீடு, அந்த வருமானமும் தேவையாக இருந்தது. நாங்கள் இருவரும் ஒரு சொட்டும் தொடுவதில்லை. அவர் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டுதான் பாருக்கே வருவார். நான் சோடாவோடு சரி.

குடிக்காதவராக இருந்தாலும் குடிக்கிறவர்களிடம் அவருக்கு ஒரு இரக்கம் உண்டு. அதுவும் ஊர்ப் பெரிய மனிதர்களிடம். நம் ஊரில் குடிப்பதைவிடக் குடிக்கும்போது கண்ணில் படுவதுதானே பெரிய குற்றம்? அப்படிப்பட்டவர்கள் வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீற்றோடு எங்கள் கூட்டத்தில் வந்து சேர்ந்து, “சும்மா காத்து வாங்க வந்தனான்” என்பார்கள். அந்த வசனத்தைக் கேட்டதும் பனிமூட்டத்தார் வெயிட்டருக்குக் கண்ணைக் காட்டுவார். தேத்தண்ணிக் கோப்பையில் சாராயம் வரும், மணம் போகாமல் மேலே ஒரு பீரிசுத் தட்டால் மூடி. பெரிய மனிதர் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, நல்ல தேயிலைச் சாயம் என்று மெச்சிக்கொண்டு இறங்குவார்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் உடுப்பிட்டி, பெயர் தர்சினி. சாதகம் பொருந்திவிட்டது. அதைவிட முக்கியமாக, எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் பிடித்துவிட்டது. இனி அவள்தான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். இடித்தது ஒரே இடத்தில். அவளுடைய அப்பா வெங்காயத் தோட்டக்காரர். உடன்பிறந்த தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பின்னேரமானால் பார் பாராக ஏறி இறங்குகிறவனுக்குப் பெண்ணா என்று கேட்டார். நான் குடிப்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன். குடிக்கிறவனும் அப்படித்தான் சொல்லுவான் என்று பதில் வந்தது. விசாரித்துவிட்டுத்தான் முடிவாம்.

எங்கள் ஊர் விசாரிப்புக்கு ஒரு முறை இருக்கிறது. பெண் பகுதி ஆள் ஆடு வாங்க, மாடு பார்க்க என்று ஏதாவது சாட்டில் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, அக்கம்பக்கத்தில் வாயைக் கிண்டுவார். மாப்பிள்ளை கண்டாலும் காணாததுபோல இருக்கவேண்டும். காட்டிக்கொடுத்தால் காரியம் கெட்டுவிடும்.

ஒருநாள் பின்னேரம், நாங்கள் கீழே வீதியில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நிற்க, தர்சினி போன் எடுத்தாள். அப்பா மத்தியானமே குடையோடு பஸ் ஏறிவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றாள். கதைத்து முடிய நான் நிமிர்கிறேன், படத்தில் மட்டுமே பார்த்திருந்த முகம் எங்கள் கூட்டத்தில் நிற்கிறது. வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று குறித் திருநீறு, கக்கத்தில் குடை. எங்கிருந்து வருகிறீர்கள், என்ன விசயம் என்று பனிமூட்டத்தார் அன்பாக விசாரித்தார்.

“சும்மா காத்து வாங்க வந்தனான்.”

பனிமூட்டத்தார் அவரை மேலும் கீழும் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, இருப்பதில் நல்ல சுவெட்டராகப் பொறுக்கி வேட்டிக்கு மேலே போட்டுவிட்டார்.

முதல் இரண்டு ஹோட்டல் மாடியிலும் அவர் கோட்டையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். என் சோடாவையும் சந்தேகத்தோடு பார்த்தார். நான் பனிமூட்டத்தாரைத் தனியே இழுத்து விசயத்தைச் சொல்லப் படியெல்லாம் முயன்றேன். அவர் அப்போது இரண்டாவது ராசாவில் நின்றார். குறுக்கிட்டால் முதல் ராசாவிலிருந்து வரவேண்டும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாடி. சூரியன் பண்ணைக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. வெயிட்டர் வந்து அவருக்கு முன்னால் பீரிசு மூடிய கோப்பையை வைத்தார். களைத்துப்போயிருந்த மனிதர், தேத்தண்ணியைக் கண்ட சந்தோசத்தில் கையை நீட்டினார். தம்பியைக் குடிக்குக் கொடுத்தவரின் வாயில் என் சம்பந்தத்தால் சாராயம் படப்போகிறது. குடிக்காதேயுங்கோ என்று சொன்னால், அதற்குள் என்ன இருக்கிறதென்று உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். யோசிக்க நேரமில்லை. பாய்ந்து கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் என் வாயில் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, கண்ணில் நீர் முட்டிவிட்டது. நெஞ்சுக்குள் நெருப்பு இறங்கி, மூக்கால் திரும்பி வந்தது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குத்திக் குத்தி இருமினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் பயந்துபோய்த் தன் சுவெட்டரைக் கழற்றி என்னைப் போர்த்தினாள். உடுப்பிட்டிக்காரர் எழுந்து வந்தார்.

“எனக்கு வந்த தேத்தண்ணியை நீர் ஏன் தம்பி குடிச்சனீர்?”

என் இருமல் கேட்டு ஓடி வந்தது பனிமூட்டத்தார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரைவாசியில் ராசாவை விட்டுவிட்டார். “ஐயா, அது தேத்தண்ணியில்லை, சாராயம். பெடியனிலை பிழையில்லை. நான்தான் உங்களுக்கெண்டு சொல்லிவிட்டனான்.”

“எனக்கோ? என்னைப் பாத்தால் குடிக்கிறவன் மாதிரியே கிடக்கு?”

“குறை நினையாதேயுங்கோ ஐயா. இஞ்சை குடிக்க வாற பெரிய ஆக்கள் எல்லாரும் உங்களை மாதிரித்தான் வருவினம்.”

சரி, கலியாணப் பேச்சு இதோடு சரி என்று நினைத்துக்கொண்டு இருமினேன். உடுப்பிட்டிக்காரர் கதிரையில் உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்துத் தள்ளிவைத்தார். பிறகு என்னைக் காட்டிக் கேட்டார்.

“இவர் குடிக்கிறவரோ?”

“உவனோ? சோடாவுக்கே ஏப்பம் விட்டுட்டு வெக்கப்படுகிறவன். உவன் குடிச்சு நான் கண்டது இதுதான் முதல்தரம். அதுவும் என்ரை பிழையாலை.”

அவர் எழுந்து என் உச்சியில் தட்டினார். தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையில் தந்தார். “மெல்லமாய்க் குடியும். குடிக்கத் தெரிஞ்சவனுக்கு இப்பிடிப் புரைக்கேறாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என்ரை தம்பிக்கும் முதல் நாள் இப்பிடி ஏறியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்” என்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, மகள் முடிவு கேட்டுக்கொண்டிருப்பாள், நல்ல நாள் பார்க்கவேண்டும் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு சுவெட்டரோடு படியிறங்கினார்.

எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. சந்தோசம்கூட இல்லை, வெறும் நிம்மதி. பனிமூட்டத்தாருக்கு அப்போதுதான் விளங்கியது. முழங்காலையும் பாராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று ஏசினார். சொன்னால் நீங்கள் முதலிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்றேன். அன்றைக்கு அவர் மிச்சச் சரித்திரத்தைச் சொல்லவேயில்லை. வெள்ளைக்காரர் சூரியனைத் தாங்களாகவே பார்த்துக்கொண்டார்கள்.

கலியாணத்துக்கு மாப்பிள்ளை பகுதியில் தகப்பன் ஸ்தானத்தில் நிற்க ஆள் இல்லாதிருந்தது. அதை யாரிடமும் கேட்காமல் தர்சினியின் அப்பாவே தெல்லிப்பழைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். தாலி கட்டியபின் பெரியவர்களின் காலில் விழும்போது, அம்மாவுக்கு அடுத்ததாக நானும் தர்சினியும் போய் விழுந்தது பனிமூட்டத்தாரின் காலில். மனிதர் பதறிப்போனார்.

“எழும்படா, ஆக்கள் பாக்கினம்.”

பார்க்கட்டும் என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.