எழுத்துப் போட்ட பிறகும் எழுந்திருக்காதவர்கள்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது பிள்ளை என் தங்கை மகன் சேகர். தங்கை போனபோது அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. நாலு பேரும் இன்றுவரை என் சொல்லைத் தட்டியதில்லை. இதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், சிதம்பரத்தில் ஒரு காலைக் காட்சி முடிகிற வரைக்கும். சொல்லைத் தட்டாத பிள்ளையால் என்ன ஆபத்து வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாங்கள் கடலூர் முதுநகர், பிழைப்பு சிதம்பரத்தில். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு தியேட்டரில் கேன்டீன் எடுத்து நடத்தினார். அவர் போன பிறகு நான் நடத்தினேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. மிச்ச எழுத்தையெல்லாம் சினிமா போஸ்டரில் கற்றுக்கொண்டேன். (அதனால் இப்போதும் எழுத்து ஆள் உயரத்தில் இருந்தால்தான் எனக்குச் சரளமாகப் படிக்க வரும்.) இத்தனை வருஷத்தில் ஒரு படமாவது உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேனா என்றால் இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டால் மாவு பிசைவேன், சண்டைச் சத்தம் கேட்டால் எண்ணெய் காயவைப்பேன், அழுகைச் சத்தம் கேட்டால் டீத்தூள் போடுவேன். ஆனால் எந்தப் படம் ஓடும் என்று என்னைக் கேளுங்கள், இடைவேளையில் வெளியே வருகிறவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். டீயை ஆற அமரக் குடித்தால் படம் தேறாது. பாதி டீயில் கிளாஸை வைத்துவிட்டு உள்ளே ஓடினால் நாலு வாரத்துக்குக் கவலையில்லை.

கேன்டீனோடு இன்னொரு வேலையையும் நானாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் கூட்டத்தை வெளியே அனுப்புவது. ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் பார்க்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. சீட்டுக்கடியில் படுப்பான், கக்கூஸில் தாழ் போட்டுக்கொள்வான், தூங்குகிற மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொள்வான். இவர்களுக்காகவே ஒரு முறை வைத்திருந்தேன். திரையில் கடைசி எழுத்துப் போட ஆரம்பித்ததும் கதவைத் திற, லைட்டைப் போடு, ஃபேனை நிறுத்து. வியர்த்தால் எப்பேர்ப்பட்ட பொய்த் தூக்கமும் கலையும். என் கண்ணில் மண்ணைத் தூவி ஒருத்தனும் அடுத்த ஆட்டம் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் தியேட்டர் படுத்துவிட்டது. ஆளுக்கொரு போன், போனுக்குள் ஒரு தியேட்டர். முதலாளி கல்யாண மண்டபமாக மாற்றிவிடலாம் என்று மேஸ்திரியைக் கூட்டி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூத்தவன் முருகன்தான் கெஞ்சிக் கூத்தாடி, "இந்த லீவு சீசன் மட்டும் எங்கிட்ட வுடுங்க மொதலாளி. கூட்டம் வரலன்னா நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்று குத்தகைக்கு எடுத்தான். சீட்டுக்கெல்லாம் புது ரெக்சின் போட்டான். (மருமகள் கையிலிருந்த வளையல்தான் அங்கே சீட்டாக மாறியது.) தியேட்டர் போனால் கேன்டீன் போகும், அங்கே ஆபரேட்டராக இருந்த சேகரின் வேலையும் போகும். எங்கள் எல்லார் வீட்டு உலையும் அந்த ஒரு திரையை நம்பித்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

இப்படி உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு முருகன் போட்ட படம் என்ன தெரியுமா? தமிழில் பேசவிட்ட இங்கிலீஷ் படம். பறக்கிறவன், மலையைப் பெயர்க்கிறவன், சுவருக்குள் புகுந்து வருகிறவள் என்று ஒரு கும்பல். ஆறாவது பாகமோ ஏழாவது பாகமோ. போஸ்டரைப் பார்த்ததும் முருகனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய் முருகா, மூஞ்சிய மூடிக்கினு வர்றவனுக்கு எவன்டா டிக்கெட் எடுப்பான்? மூஞ்சி தெரிஞ்சாத்தானடா மன்றம் வெப்பான், பால ஊத்துவான்?"

"அம்மா, நீ வடையப் பாரு."

"வடையத்தான்டா பாக்கறேன். வாங்கித் தின்ன ஆளு வேணுமில்ல?"

"பொறந்ததுலேர்ந்து பசங்க இவுங்களத்தாம்மா பாக்கறானுங்க. பென்சில் டப்பாவுல, பனியன்ல, படுக்கற போர்வையில. உனக்குத்தான் தெரியல."

வெள்ளிக்கிழமை காலை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்க்கிறேன், வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது. மேளம் இல்லை, மாலை இல்லை, கட்அவுட்டில் ஏறுகிறவன் இல்லை. பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். மீதி, குடும்பம். அதிலும் ஒரு அதிசயம்: அப்பன் பிள்ளையைக் கூட்டி வரவில்லை, பிள்ளைதான் அப்பனை விரலைப் பிடித்து இழுத்து வந்திருந்தது. நம்மூர் நடிகர் படத்துக்கு வாலிபன் தனியாக வருவான். இந்தப் படத்துக்கு ஒரு பொடிசு வந்தால் கூடவே அம்மா, அப்பா, சித்தி என்று ஒரு வரிசை சீட்டு நிரம்பிவிடுகிறது. முதலாளியும் வந்து மாடி அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பாப்கார்னும் ஐஸ்கிரீமும் துடைத்த மாதிரி தீர்ந்தன. என் மசால் வடையை ஏறிட்டுப் பார்த்தவன் இல்லை. ஆனால் ஒருத்தன்கூட நின்று தின்னவில்லை. கையில் வாங்கியதும் உள்ளே ஓட்டம். என் கணக்குப்படியே படம் பிழைத்துவிட்டது. அதை முருகனிடம் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. சரி, அடுத்த காட்சிக்காவது ஒத்தாசையாக இருப்போம் என்று, படம் முடிகிற நேரத்துக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே எழுத்துப் போட்டாகிவிட்டது. கதவைத் திறந்தேன். லைட்டைப் போட்டேன். ஃபேனை நிறுத்தினேன்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும் அத்தனை பேரும் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் ஒளிந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தியேட்டரே ஒளிந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கேட்டை ஆட்டுகிறார்கள். இவர்கள் இங்கேயே ஒட்டிக்கொண்டால் அவர்களை எங்கே உட்காரவைப்பது? என் பிள்ளை கதி என்ன?

திரைக்கு முன்னால் போய் நின்றேன். "எழுந்திருங்க! அடுத்த ஆட்டத்துக்கு ஆளு காத்துக் கெடக்குது. வேணும்னா இன்னொரு டிக்கெட் எடுத்துக்கினு வாங்க!"

கைதட்டல். விசில். "ஆயா, கொஞ்சம் நகந்துக்க, மறைக்கிது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மறைக்கிறதாம். வெறும் பேரை மறைக்கிறேனாம். எனக்கு ஏறிவிட்டது. விறுவிறுவென்று படியேறி ஆபரேட்டர் ரூமுக்குப் போனேன்.

"சேகரு, மிஷின நிறுத்து."

"பெரியம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கறது வெறும் பேருடா. நிறுத்துடான்னா!"

என்னை ஒரு பார்வை பார்த்தான். நிறுத்திவிட்டான்.

அப்போது எழுந்த சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். கீழே வந்து பார்த்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள் (எழுந்திருக்கவேண்டும் என்றுதானே கேட்டேன்). ஒருத்தன் சீட்டின்மேல் ஏறிவிட்டான். புது ரெக்சின். என் மருமகள் வளையல்மேல் செருப்புக் காலோடு நிற்கிறான்! கேட்டைத் தள்ளிக்கொண்டு, நான் திறந்துவைத்த கதவு வழியாக மதியக் காட்சிக் கூட்டம் வேறு, உள்ளே ஏதோ விசேஷம் என்று நினைத்துத் திபுதிபுவென்று நுழைந்துவிட்டது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். கதாநாயகனின் அட்டை முகமூடியை நெற்றிமேல் தூக்கிவிட்டிருந்தாள். "ஆயா, ஏன் நிறுத்தினீங்க? படம் முடியல."

"எழுத்தே போட்டுட்டான், முடியலன்னா?"

"எழுத்துக்கு அப்புறம் கடைசியா ஒரு சீன் வரும். எப்பவும் வரும். அதப் பாக்காமப் போனா படம் பாத்ததாவே அர்த்தமில்ல. நான் புவனகிரிலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன் ஆயா."

கையிலிருந்த துடைப்பம் திடீரென்று கனத்தது. அதற்குள் டிக்கெட் ரூமிலிருந்து முருகன் ஓடி வந்தான். "அம்மா! என்னா காரியம் பண்ணிட்டம்மா!" என்றான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் குரல் உடைந்திருந்தது. மாடிப்படியில் முதலாளி இறங்கி வருவதும் தெரிந்தது.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. அன்றைக்குத் திரை முன்னால் நின்று கையைக் கூப்பினேன். "தப்பு என்னுதுதான் சாமி. இப்ப மறுபடியும் போடச் சொல்றேன். சீட்ட மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, எம்புள்ள கஷ்டப்பட்டுப் போட்டது."

அந்தப் பெண் சொன்னாள்: "சரி ஆயா. ஆனா நீங்களும் உக்காந்து பாக்கணும். நீங்க உக்காந்தாத்தான் நாங்க உக்காருவோம்."

"ஆயா உக்காரு! ஆயா உக்காரு!" என்று தியேட்டரே கூவியது. சீட்டின்மேல் ஏறியவன் இறங்கித் தன் சட்டையாலேயே ரெக்சினைத் துடைத்து எனக்கு இடம் விட்டான். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேகர் எழுத்துப் போடத் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான். பேர் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டேயிருந்தது. "ஏம்மா, இத்தினி பேரும் யாரு?" என்று, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வரைந்தவர்கள், தைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சமைத்தவர்கள் என்றாள். சமைத்தவர்கள் பேருமா! எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எத்தனை வருஷமாக, எத்தனை சமையல்காரன் பேர் திரையில் வரும் நேரத்தில் நான் லைட்டைப் போட்டு அழித்திருக்கிறேன்!

திடீரென்று அந்தப் பெண் எழுந்து, ஓரமாக நின்ற மதியக் காட்சிக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள்: "நீங்க இன்னும் படம் பாக்கல! கண்ண மூடிக்கிங்க! காதப் பொத்திக்கிங்க!"

மூடிக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேரும். ஒரு அப்பன் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். காசு கொடுத்துப் பார்க்க வந்தவன் பார்க்கமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்ளும் அதிசயம் வேறு எந்தப் படத்துக்கு நடக்கும்?

கடைசி சீன் வந்தது. இருட்டறை. ஒரு கதவு. அது கொஞ்சமாகத் திறக்கிறது. உள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. விரல் நுனியில் பச்சை வெளிச்சம். அவ்வளவுதான், திரை அணைந்துவிட்டது. கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"யாரும்மா அது?"

"தெரியாது ஆயா!" என்றாள், லாட்டரி விழுந்தவள் மாதிரி. "அடுத்த படத்துலதான் தெரியும். இனிமே ஹாஸ்டல்ல தெனம் இதுதான் சண்ட!"

வீடு திரும்புகிற பஸ்ஸில் வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தேன். நம் படத்தில் எல்லாரையும் சேர்த்துவைத்து, கெட்டவனை ஜெயிலுக்கு அனுப்பி, வணக்கம் போட்டுத்தான் வழியனுப்புவார்கள். இவர்கள் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கேள்வியை வைத்திருப்பவன் திரும்ப வராமல் எங்கே போவான்? இன்னொன்றும் பார்த்தேன். தியேட்டர் வாசலில் அந்த அட்டை முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்ட பிள்ளைகளில் கறுப்பு, சிவப்பு, ஒல்லி, குண்டு, பையன், பெண் எல்லாம் இருந்தது. போட்டதும் எல்லாரும் அந்தக் கதாநாயகனாகவே ஆகிவிட்டார்கள். மூஞ்சி தெரியாததுதான் அவனிடம் இருக்கிற கைமுதல். அதைத்தான் நான் குறை என்று சொல்லியிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகரிடம் கேட்டேன். "சீன் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன்டா நிறுத்தின?"

"நீங்கதான பெரியம்மா நிறுத்தச் சொன்னீங்க."

அன்றிலிருந்து என் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பழகுடா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் கேட்கமாட்டேன் என்கிறான்.

முதலாளி அன்றைக்கு என்ன செய்தார் என்று சொல்லவேண்டும். கூட்டம் போன பிறகு முருகனைக் கூப்பிட்டார். கூடவே நானும் போய் நின்றேன், சாவியைக் கேட்டால் காலில் விழுந்துவிடுவது என்ற முடிவோடு.

"படம் முடிஞ்சும் போவ மாட்டேன்னு சண்ட போடற கூட்டத்த இந்த தியேட்டர்ல நான் பாத்ததே இல்லப்பா" என்றார். "மேஸ்திரிய வர வேணாம்னு சொல்லிட்டேன். குத்தகைய நீயே வெச்சிக்க. ஒரே ஒரு கண்டிஷன். உங்கம்மா சுவிட்சு போர்டுகிட்ட போவக் கூடாது."

மறுநாளே சுவிட்ச் போர்டுக்கு மரப்பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டார்கள். இன்றைக்கும் பூட்டு இருக்கிறது, தியேட்டரும் இருக்கிறது. அந்தப் படம் ஓடிய நாளெல்லாம், எழுத்துப் போட்டதும் பசங்கள் கதவுப் பக்கம் திரும்பி, "ஆயா, லைட்டு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எங்கள் குடும்பத்திலோ கேட்கவே வேண்டாம். போன தை மாசம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் இலையை மடிக்கப் போக, என் மருமகள் அத்தனை பேர் முன்னாலும், "இருங்கத்த, எழுத்துப் போட்ட பிறகு பாயசம் ஒண்ணு இருக்கு" என்றாள். பந்தியே சிரித்தது. வளையல் கொடுத்தவள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

யாழினி, நான் சொன்னதையெல்லாம் போனில் தட்டிவிட்டாயா? முருகன் மகள் நீ, உங்கப்பனுக்குச் சாதகமாக எதையாவது சேர்த்திருப்பாய். எங்கே, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படி. நீ முடிந்தது என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.