எட்டு கெஜ டாங்கி

"ஞாயித்துக்கிழமை விருந்துக்கு நீ டாங்கியில வர்றியா, சாதாரணமா வர்றியான்னு அப்பா கேக்கச் சொன்னாரு," என்றாள் ரோனா.

யூவர்ட் மன்கர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பவன். ரோனாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். அவளுடைய அப்பா அம்மாவை இன்னும் பார்த்ததில்லை. டாங்கி என்றால் பெரிய காராக இருக்கும், ஊருக்குள் போகிற பாதை மோசம் போலிருக்கிறது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். தன்னிடம் இருப்பது தீப்பெட்டி மாதிரி ஒரு கார் என்று மாமனாரிடம் முதல் கேள்வியிலேயே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"டாங்கிதான்னு சொல்லு," என்றான்.

அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டு ரோனா சிரித்தாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷமாம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இந்த கில்ட் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கொசுவம் வைத்துக் கட்டும் கட்டம் போட்ட கில்டுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று யூவர்டுக்குப் புரியவில்லை. கில்ட் பிரியர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்றைத் தேடிப் படித்தான். கனத்த கம்பளியில் எட்டு கெஜம் துணி வைத்துத் தைத்த கில்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் டாங்கி. ஒன்பது கெஜப் புடவைக்கு ஒரு கெஜம்தான் குறைச்சல். அது ஜூலை மாதக் கோடை வேறு.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரோனாவின் அப்பா கில்பர்ட் ரென்னி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இதற்கு முன் மகள் அழைத்துப் போன ஒருவனை, காபி ஆறுவதற்குள் வழியனுப்பி வைத்தவர். யூவர்ட் ஊரெல்லாம் அலைந்து ஒரு நண்பனின் கில்டைக் கடன் வாங்கினான். அதற்கு முன் அவன் கில்ட் கட்டியது ஒரே ஒரு முறை, யாரோ ஒருவர் கல்யாணத்தில், ரோனா போட்டோ எடுத்த அன்று.

இரண்டு நாள் கழித்து கில்பர்ட்டே போனில் கூப்பிட்டார். குரல் கரகரத்தது.

"தம்பி, அன்னைக்குப் பட்டாள முறைதானே?"

நேரம் தவறாமை, ஒழுங்கு, பளபளக்கும் ஷூ. இதில் யூவர்டுக்குச் சந்தேகமே இல்லை.

"நான் எப்பவுமே பட்டாள முறைதான் சார். கடையிலயும் அப்படித்தான். கஸ்டமருங்களே கவனிச்சுப் பாராட்டியிருக்காங்க."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. பிறகு ஒரு பெண் குரல் தூரத்தில், "கடையிலயுமா?" என்றது.

அவன் மறுபடி இணையதளத்துக்கு ஓடினான். பட்டாள முறை என்றால் கில்டுக்கு உள்ளே ஒன்றுமே போடாமல் இருப்பது.

இனி வார்த்தை தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, கண் பரிசோதனைக்கு வந்தவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு மனப்பாடம் செய்தான். கால்சட்டைக்கு 'இரட்டைக் குழாய்'. கில்ட் பிரியர்களுக்குக் கெட்ட வார்த்தையான 'பாவாடை' மட்டும் கனவில்கூட வாயில் வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் மேஜை போட்டிருந்தார்கள். மலையிலிருந்து காற்று விசிறி அடித்தது. யூவர்ட் சொன்ன சொல் தவறாதவன். பட்டாள முறையில்தான் வந்திருந்தான். அதனால் இரண்டு கையாலும் கில்டை முழங்காலோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

கில்பர்ட் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். அவர் கட்டியிருந்ததும் டாங்கிதான். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. ஆனால் அவர் கில்டின் கொசுவம் முன்பக்கம் இருந்தது. கொசுவம் பின்னால் வர வேண்டும் என்பதும், முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் யூவர்ட் படித்த விஷயம். இவ்வளவு தேர்ந்தவர் தப்பாகக் கட்டுவாரா? தனக்கு எட்டாத உயர்ந்த வழக்கம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தான். குளியலறைக்கு வழி கேட்டுப் போய், தன் கில்டை அப்படியே முன்பின்னாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தான்.

ரோனா அவனைப் பார்த்த பார்வையில் நிறையக் கேள்விகள் இருந்தன. கில்பர்ட் மட்டும் அவன் இடுப்பையே பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த மூச்சு யூவர்டுக்குத் தெம்பு கொடுத்தது. இரட்டைக் குழாய் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டான். கில்பர்ட் பலமாகத் தலையாட்டினார். உருளைக்கிழங்கு மசியலை இவன் பக்கம் நகர்த்தினார். ரோனாவின் அம்மா நெட்டா கிரேவி ஊற்றினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"யாராவது 'அந்தக் கேள்வி' கேட்டா நீங்க எப்படித் தம்பி சமாளிப்பீங்க?" என்றார் கில்பர்ட்.

உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று வழியில் போகிறவர்கள் எல்லாரும் கேட்பார்களே, கில்ட் உலகத்தில் அதற்குப் பெயர் 'அந்தக் கேள்வி'. யூவர்ட் அந்தப் பக்கம்வரை படித்திருக்கவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்ற கேள்வியாகத்தான் அவனுக்குக் கேட்டது.

"அதை நான்தான் சார் கேட்டேன். மார்ச் மாசம், கடற்கரையில. ரோனா முன்னாடி முட்டி போட்டு."

கில்பர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"முட்டி போட்டா?"

"அதானே சார் மரியாதை. சுத்தி இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க."

நெட்டாவுக்குப் புரையேறியது. ரோனா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. பேச்சை மாற்ற வேண்டும், பெரியவரைப் புகழ்ந்து ஏதாவது சொல்ல வேண்டும்.

"உங்க பாவாடை ரொம்ப நல்லா இருக்கு சார்."

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் பதறி எழுந்தான். காற்று அதற்காகவே காத்திருந்தது போல அடித்தது. கில்டைப் பிடிக்கக் கையை வீசினான். கிரேவிக் கிண்ணம் கவிழ்ந்து, சூடாக, கில்பர்ட்டின் மடியில் கொட்டியது. அவரும் பட்டாள முறையில்தான் இருந்தார் என்பது அவர் துள்ளி எழுந்த வேகத்தில் தெரிந்தது.

அவர் மடியைப் பிடித்தபடி வீட்டுக்குள் போனார். நெட்டா பின்னாலேயே போனார்.

யூவர்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அது பரம்பரை பரம்பரையாக வந்த கில்டாக இருக்கும், அதில் போய்க் கொட்டினேனே என்று புலம்பினான். ரோனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் வாசல் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. காபி இன்னும் வரவேயில்லை. அதற்குள்ளாகவே வழியனுப்பப் போகிறார்கள்.

கடைசியில் நெட்டா மட்டும் வெளியே வந்தார். கையில் ஈரத் துண்டு. அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளே கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அது வாடகைக்கு எடுத்தது தம்பி, விடுங்க, ரோனா அனுப்பின அந்தக் கல்யாணத்து போட்டோவுல நீங்க கில்ட் கட்டி நிக்கிறதப் பார்த்ததிலேருந்து மனுஷன் ராத்திரி பகலா அந்த வார்த்தையெல்லாம் படிச்சாரு, இப்ப மாப்பிள்ளைகிட்ட தான் பாஸான்னு கேட்டுட்டு வரச் சொல்லி உள்ள நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு."