ஓட்டேரிக்கு ஒரு கால்கட்டு

பூசணிக்காய் உடைத்ததில் ஒரு தவறும் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை பாண்டி பஜாரில் தன் ரெடிமேட் கடை வாசலில் வெள்ளைச்சாமி உடைக்கிற அதே பூசணிக்காய்தான். இந்த அமாவாசைக்கு அதை அடையாறுக்குக் கொண்டுபோய், ‘சென்னை மரகதம் எஃப்.சி.’ கால்பந்து அணி பயிற்சி எடுக்கும் மைதானத்து வாசலில் நடு ரோட்டில் உடைத்தார். குங்குமம் தடவிய துண்டுகள் நாலா பக்கமும் சிதறின. “டீமைப் பிடிச்ச கண்ணு இத்தோட போச்சு” என்று அவர் கையை உதறிய நேரம், முனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. ஓட்டி வந்தவர் ஓட்டேரி.

ஓட்டேரி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். பிரேசிலில் அவருடைய அம்மா வைத்தது ஒட்டாவியோ. அது யார் வாயிலும் நுழையாததால் வடசென்னைப் பேட்டையின் பெயர் அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷமாக நொச்சிக்குப்பத்து மீனவர்களோடு மணலில் பந்து விளையாடியதில் தமிழும் வந்து ஒட்டிக்கொண்டது. அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஸ்கூட்டர் பூசணிச் சதையில் ஏறியது. இடுப்பை ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த கணம் ஓட்டேரி உட்கார்ந்த வாக்கிலேயே தார் ரோட்டில் சறுக்கி வந்து வெள்ளைச்சாமியின் செருப்புக்கு முன்னால் நின்றார்.

“அய்யய்யோ!” என்றார் வெள்ளைச்சாமி.

“இன்னா நைனா இது?” என்றார் ஓட்டேரி, மீசையில் ஒட்டியிருந்த விதையை எடுத்துப் பார்த்து. பிறகு காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

வெள்ளைச்சாமிக்கு உலகமே இருட்டியது. ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், அணி தப்பிக்கும். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அந்த ஒரு மேட்ச்சுக்காகத்தான் பூசணிக்காயே.

அதற்கு முன் அவர் செய்யாத முயற்சி இல்லை. சேர்மன் சிதம்பரநாதன் கிளப்பை வாங்கிய நாளிலிருந்து ஒரு கோச்சின் பெயர் மனசில் பதிவதற்குள் அடுத்த கோச் வந்தார். பச்சையாக இருந்த ஜெர்சி வெங்காயச் சருகு நிறத்துக்கு மாறியது. சேர்மனுடைய மச்சினரின் சாயப்பட்டறையில் அந்தத் துணி தேங்கிக் கிடந்ததுதான் காரணம். துணியைத் தொட்டுப் பார்த்ததுமே வெள்ளைச்சாமி சொன்னார், சாயம் நிற்காது என்று. முதல் மேட்ச்சில் வேர்த்ததும் பதினோரு பேரும் ரோஸ்மில்க்கில் குளித்தவர்கள் மாதிரி ஆனார்கள். இது போதாதென்று சேர்மனின் மாப்பிள்ளை நடுக்களத்தில் நின்றார். ‘நின்றார்’ என்ற சொல் யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது.

ரசிகர்கள் மெயில் அனுப்பினார்கள், அட்டை பிடித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். நிர்வாகத்திடமிருந்து வந்த பதில் எப்போதும் ஒன்றுதான்: “உங்கள் அன்புக்கு நன்றி.” மனுஷனிடம் சொல்லிப் பயனில்லை என்றான பிறகுதான் வெள்ளைச்சாமி காய்கறி பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்!” என்று அலறினார்.

“இன்னா அண்ணாச்சி, வெவரம் இல்லாம பேசறே?” என்றார் கூட வந்திருந்த ஷரீஃப். அவர் ராயப்பேட்டை ஆட்டோக்காரர், எல்லா மேட்ச்சிலும் வெள்ளைச்சாமிக்குப் பக்கத்து சீட். “ஆஸ்பத்திரிக்குப் போனா கிளப்புக்குத் தெரிஞ்சிடும். ரசிகனே காலை ஒட்ச்சிட்டான்னு பேப்பர்ல போடுவான். நம்ம பேட்டைல புத்தூர் கட்டு போடற வைத்தியர் ஒத்தர் கீறாரு. மாவு தடவி, துணி சுத்தி, மூங்கில் வெச்சிக் கட்டுனாருன்னா ஞாயித்துக்கெயம எய்ந்து ஓடுவாரு.”

வைத்தியசாலை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் உட்கார்ந்து, கட்டுக்கான உளுந்து மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள் வைத்தியருக்குக் கையாளாக இருந்த சகினா. ஓட்டேரியைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போன அவளே, பின்னால் வந்த வெள்ளைச்சாமியை வெளியே தள்ளினாள்.

“நீ இங்கியே குந்து நைனா. நீ அயுவறத பாத்தா வைத்தியருக்குக் கை நட்ங்கும்.”

வெகு நேரம் கழித்து ஓட்டேரி வெளியே வந்தார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பருமனான கட்டு.

“எப்ப அவுக்கணும் தம்பி?”

“ஞாயித்துக்கெயம கயிச்சித்தான் நைனா.”

வெள்ளைச்சாமியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மறைத்து வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஓட்டேரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அந்தப் பூசணிக்காயை உடைச்சது நான்தான்.”

ஓட்டேரி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு அப்படியே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். “நீதானா நைனா? ரொம்ப டேங்ஸ்! ஒன்ன மறக்கவே மாட்டேன்!”

“காலை ஒட்ச்சவனுக்கு டேங்ஸ் சொல்றாரு பாரு அண்ணாச்சி,” என்று ஷரீஃபும் கண்ணைத் துடைத்தார். “இவுரு மன்சனே இல்ல, மகான்.”

மகானைத் தனியே விட மனசில்லாமல் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுக்கே தூக்கி வந்தார் வெள்ளைச்சாமி. மாடி வீடு. ஏறி முடிப்பதற்குள் மகானைவிட அவருக்குத்தான் கால் போய்விடும் போலிருந்தது.

கதவைத் திறந்த மனைவி தங்கபுஷ்பம் இடுப்பில் கை வைத்தாள். “தேங்கா வாங்கிட்டு வாங்கன்னா ஆளைத் தூக்கிட்டு வர்றீங்க?”

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் இரக்கம் வந்துவிட்டது. ஆட்டுக்கால் சூப் அடுப்பில் ஏறியது. “அக்கா, சூப்பு சோக்கா கீது” என்று ஓட்டேரி மூன்றாவது கிண்ணம் கேட்டபோது அவருடைய போன் அடித்தது. கிளப் மேனேஜர் வெங்கடேஷ். ஓட்டேரி போனை எடுக்காமல் ஷரீஃப் பக்கம் தள்ளினார். ஷரீஃப் வாங்கிப் பேசினார்.

“சார், அவுரு இங்க மைலாப்பூர்ல அண்ணாச்சி வூட்ல கீறாரு. கால்கட்டு போட்டாச்சி சார்.”

மறுமுனையில் மேனேஜரின் குரல் உயர்ந்தது. “கால்கட்டா? எப்போப்பா?”

“இன்னிக்கிக் காலைல. திடீர்னு ஆயிப்போச்சி.”

“ஒரு வார்த்தை சொல்லலியே! நல்ல இடமா?”

“தலமொற தலமொறயா இதே வேலதான் சார். கைராசியான குடும்பம்.”

“அவருக்குச் சம்மதம்தானா?”

“மொதல்ல கத்துனாரு. இப்ப சிரிச்சிக்கினு கீறாரு.”

ஷரீஃப் நிம்மதியாகப் போனை வைத்தார். தமிழ்நாட்டில் ஒருவனுக்குக் கால்கட்டு போட்டாச்சு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் கிளப்பின் முகநூல் பக்கத்தில் ஓட்டேரியின் படம் வந்தது. கழுத்தில் கம்ப்யூட்டரில் ஒட்டிய ரோஜா மாலை. கீழே, ‘மயிலாப்பூர் அண்ணாச்சியின் மருமகனுக்கு மரகதத்தின் திருமண வாழ்த்துகள்!’

நிர்வாகம் அந்த சீசனில் தாமதமில்லாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

காலிங் பெல் அடித்தது. திறந்தால் ரசிகர் படை. கையில் மாலை, சுவர்க் கடிகாரம், ஆளுயரக் குத்துவிளக்கு. ஒருவர் நாதஸ்வரக்காரரையே கூட்டி வந்திருந்தார். “பொண்ணு எங்கண்ணே?” என்று எட்டிப் பார்த்தார்கள். “பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று வெள்ளைச்சாமி கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப் போனது.

சாத்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள். “ஏண்ணே, கூடப் பொறந்தவகிட்டகூடச் சொல்லாம ஷண்முகப்ரியாவ வெள்ளைக்காரனுக்குக் கட்டிக் குடுத்திட்டியாமே?”

அதை வைப்பதற்குள் கோயம்புத்தூர் கல்லூரி விடுதியிலிருந்து ஷண்முகப்ரியாவே பேசினாள். “அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாப்பா?”

தங்கபுஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று வெள்ளைச்சாமிக்குத் தெரியும். “நாளைக்கு மொத வேலையா அந்தச் சேர்மன் வீட்டுக்குப் போங்க. உடைச்சது, வழுக்குனது, எல்லாத்தையும் சொல்லுங்க. அவங்களே கல்யாணம் இல்லேன்னு போடணும். போடலேன்னா இனிமே இந்த வீட்டுல பந்தும் கிடையாது, டி.வி.யும் கிடையாது.”

மறுநாள் அடையாறில் சேர்மனின் வீட்டுக் கூடத்தில் வெள்ளைச்சாமி கைகட்டி நின்று எல்லாவற்றையும் கக்கினார். போலீஸுக்குச் சொல்வார், மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கத் தடை போடுவார் என்று எதிர்பார்த்தார். சிதம்பரநாதன் நிதானமாகக் காபியை ஆற்றினார்.

“அப்போ கல்யாணம் ஆகலை.”

“ஆகலைங்க.”

“கால்லதான் அடி.”

“ஆமாங்க. என்னாலதாங்க.”

“கை எப்படி இருக்கு?”

“எனக்குங்களா?”

“அவனுக்குய்யா. ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்கென்னங்க, தேக்குக் கட்டை மாதிரி இருக்குங்க.”

“அது போதும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க,” என்று சேர்மன் காபியைக் குடித்தார்.

வெள்ளைச்சாமி உருகிப் போனார். அடிபட்ட ஆட்டக்காரன் ரசிகர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாரே, இவரைப் போய் எத்தனை திட்டு திட்டினோம்! கல்யாணச் செய்தியையும் நீக்கச் சொல்லிவிட்டார். வழியில் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சேர்மனின் பெயருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஓட்டேரி சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“கையக் கேட்டாரா?”

“ஆமா தம்பி. ரெண்டு கையும் தேக்குன்னு சொன்னேன்.”

“ஏன் நைனா சொன்னே?” என்றார் ஓட்டேரி, அழாத குறையாக. நொண்டிக்கொண்டே குளியலறைக்குப் போனார். உள்ளே தொம்மென்று ஒரு சத்தம்.

“நைனா! கையி பூட்ச்சி!”

சோப்பைத் தரையில் வைத்தது வெள்ளைச்சாமி. அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் சந்து, மறுபடியும் சகினாவின் முட்டை மாவு. இந்த முறை ஓட்டேரி வலது கையையும் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் இடது கையால் வெள்ளைச்சாமியின் கன்னத்தைத் தட்டி, “எல்லாம் ஒன்னாலதான் நைனா, டேங்ஸ்” என்றார்.

குத்திக் காட்டுகிறாரா என்று வெள்ளைச்சாமி அந்த முகத்தைத் தேடிப் பார்த்தார். குழந்தை முகம். துளி விஷமில்லை. இப்படிப்பட்டவருடைய காலையும் கையையும் உடைத்த பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று அன்று அவர் சாப்பிடக்கூட இல்லை. ஓட்டேரி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஓட்டேரிக்குத் தங்கபுஷ்பம் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அணி களத்தில் இறங்கியதும் ஷரீஃப் எழுந்து நின்றுவிட்டார். கோல் கம்பங்களுக்கு நடுவில், கையுறை மாட்டிக்கொண்டு, சேர்மனின் மாப்பிள்ளை.

இருந்த ஒரே கோல்கீப்பரை நிர்வாகம் போன வாரம் வேறு ஊர்க் கிளப்புக்கு அனுப்பிவிட்டு, பதில் ஆள் எடுக்க மறந்திருந்தது. அது ரசிகர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“முடிஞ்சிது அண்ணாச்சி. இன்னிக்கி டஜன் கணக்குல வுயும்.”

ஆனால் மாப்பிள்ளை நடுக்களத்தில் நின்ற மாதிரியே கோலிலும் நின்றார். அங்கே நிற்பதுதான் வேலை. பந்துகள் அவருடைய தோளிலும் வயிற்றிலும் பட்டுத் திரும்பின. ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. மாப்பிள்ளை பயந்து திரும்பிக் குனிந்துகொண்டார். பந்து அவர் குனிந்ததால் உயர்ந்த இடத்தில் பட்டு, கம்பத்துக்கு மேலே பறந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அணி தப்பியது.

ஷரீஃப் தெருவில் இறங்கி ஆடினார். ஓட்டேரி, கட்டுப் போட்ட காலை மறந்து ஒரு துள்ளுத் துள்ளி, பிறகு நினைவு வந்து “ஆ” என்றார். வெள்ளைச்சாமி அழுதார். மாப்பிள்ளைக்கு நன்றி சொன்னார், சேர்மனுக்கு நன்றி சொன்னார், பருப்பு சாதத்துக்குக்கூட நன்றி சொன்னார். இத்தனை நாள் திட்டிய வாயால் வாழ்த்துவதும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நன்றி மட்டும் பாக்கி இருந்தது. மறுநாள் காலை ஓட்டேரி தூங்கிக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்து ஜரிகை வேட்டி ஒன்றும் சேலை ஒன்றும் எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனார். வைத்தியர் வெளியே போயிருந்தார். சகினா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“சேலை ஒனக்கும்மா, வேட்டி வைத்தியருக்கு. அந்தத் தம்பியக் கையும் காலுமா அவர் நம்பிக்கையிலதான் விட்டிருக்கேன். எலும்பு பழையபடி கூடிரும்ல?”

சகினா கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரை வினோதமாகப் பார்த்தாள்.

“ஒட்ஞ்சாத்தான நைனா கூட்றதுக்கு? ‘ஞாயித்துக்கெயம என்னிய கோல்கீப்பரா நிக்க வெக்கப் போறானுங்கோ, எப்டியாச்சும் ஒரு கட்டு போட்டு வுடு’ன்னு வைத்தியர் கால்ல வுயுந்து அயுதாரே உங்க ஓட்டேரி!”